சமயச் சார்பும் அறமும்: நாகபுரிப் பௌத்த ஏற்பு எழுப்பும் வினா

ஒருவரை ஒரு சமயத்தைச் சார்ந்தவராக்குவது எது? அச்சமயக் கொள்கைகளை மெய்யென நம்புவதா, அது கூறும் அறத்தைக் கடைப்பிடிப்பதா, அதனைச் சார்ந்தோருடன் இன்ப துன்பங்களில் ஒன்றி நிற்பதா? நம்பிக்கையே வேர், அதிலிருந்து அறம் கிளைக்கிறது, அறத்தின் பயனாகச் சமூக ஒருமை விளைகிறது என்பது பொதுவான கருத்து. பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், தம்மை மேற்கொள்வோரை ஒரே அறச்சமூகமாக இணைக்கும் நம்பிக்கைகளும் நடைமுறைகளும் கொண்ட அமைப்பே சமயம் என வரையறுத்தார். இம்மூன்றும் பிணைந்தவை என்பது இதனால் தெளிவாகிறது. எனினும், எதனைக் கொண்டு எதனை அளப்பது என்னும் வினா எஞ்சுகிறது. 1956இல் நாகபுரியில் நிகழ்ந்த பௌத்த ஏற்பினை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று 1935இல் இயோலாவில் அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று, இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். இடைப்பட்ட 21 ஆண்டுகள், எந்தச் சமயம் அறத்தின் தேர்வுக்கு நிற்கும் என்று அவர் ஆராய்ந்த காலமாகும். இத்தேடலுக்குத் தமிழகத்தோடும் தொடர்புண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியிருந்தார். பேராசிரியர் பொ. இலட்சுமிநரசு 1907இல் பௌத்தத்தின் சாரம் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூலின் 1948ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அம்பேத்கரே முன்னுரை வழங்கினார்.

நாகபுரியில் மக்கள் ஏற்ற 22 உறுதிமொழிகளின் அமைப்பு நோக்கத்தக்கது. பழைய தெய்வங்களையும் அவதாரக் கொள்கையையும் மறுப்பன சில. மனிதர் அனைவரும் சமம் என ஏற்பன சில. களவு, பொய், கள் முதலியவற்றை விலக்குவன சில. மறுக்கப்பட்ட நம்பிக்கைகள் அறத்தின் பெயராலேயே மறுக்கப்பட்டன என்பது இங்குப் புலனாகும். அம்பேத்கரின் மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ இதனை மேலும் விளக்குகிறது. தனித்து வாழும் ஒருவனுக்குத் தம்மம் தேவையில்லை; மனிதர் இருவர் உறவு கொள்ளுமிடத்தில் அது இன்றியமையாததாகிறது என்பது அந்நூலின் துணிபு.

இது சமயமன்று, அரசியலே என்னும் மறுப்பு அன்று முதல் எழுப்பப்படுகிறது. கொள்கை நம்பிக்கையே சமயத்தின் முதல் என்னும் முடிபை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டதன் விளைவு இம்மறுப்பு. தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை வேறொரு வரிசையைக் காட்டுகிறது. மணிமேகலை முதலில் அமுதசுரபி பெற்றுப் பசித்தோர்க்கு உணவளிக்கிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்பது 27ஆம் காதையில்தான். அறநெறி ஏற்று நோன்பு மேற்கொள்வது 30ஆம் காதையில். அமுதசுரபி உண்போரின் சமயத்தை வினவுவதில்லை. அறம் முன்னே சென்று கொள்கையைத் தேடிக் கண்டடைகிறது எனலாம்.

அவ்வாறாயின், கொள்கைக்கு இடமே இல்லையா? உண்டு. மனிதர் சமம் என்பது கண்ணால் கண்டறியும் செய்தியன்று. உலகியல் அதற்கு எதிராகவே சான்று கூறும் காலத்திலும் பற்றி நிற்க வேண்டிய நம்பிக்கை அது. அந்நம்பிக்கைக்கு விலையும் தர வேண்டியிருந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்கீழ், பௌத்தம் தழுவியோர் 1990ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அட்டவணைச் சாதியினராகக் கருதப்படவில்லை. பயன் கருதிய மாற்றம் என்னும் குற்றச்சாட்டு இங்கு வலுவிழக்கிறது.

எனினும், கடினமான வினா ஒன்று உள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பௌத்தர் ஏறத்தாழ 84 இலட்சம். அவருள் ஏறத்தாழ 65 இலட்சம் பேர் மகாராட்டிரத்தினர். அம்மாநிலத்தில் மதம் மாறியோருள் மிகப்பெரும்பாலோர் மகார் சமூகத்தினர். இழிவைத் துறந்து தன்மதிப்புடன் நிற்க அவ்வொருமை துணைநின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், சார்பின் எல்லையும் பழைய சாதியின் எல்லையும் ஒன்றாகவே நின்றுவிடின், சாதியை மறுக்கப் பிறந்த சார்பு அதற்கே மற்றொரு பெயராகும் இடர் உண்டு. இவ்விடர் பௌத்தத்திற்கு மட்டும் உரியதன்று. எல்லாச் சமயங்களும் தம்மவர்க்குள் காட்டும் பரிவை அறமெனக் கொண்டு நிறைவடையக்கூடும்.

மனிதர்பால் கொள்ளும் கருணையோடு நின்றுவிடாமல், எல்லா உயிர்கள்பாலும் மைத்திரி வேண்டும் என அம்பேத்கர் வலியுறுத்தியதன் பொருத்தம் இங்கு விளங்கும். ஒருமை அறத்திற்கு வலிமை தருகிறது. ஆனால் அறத்தின் அளவுகோல் ஒருமைக்கு வெளியே உள்ளது. ஒரு சமயத்தார் தம்முள் எவ்வளவு நெருங்கியுள்ளனர் என்பதைவிட, தம்மைச் சாராதவன் பசித்து வரும்போது என்ன செய்கின்றனர் என்பதே அச்சார்பின் தகுதியை உணர்த்தும்.