பதக்கத்தில் யாருடைய பெயர்?

பரிசை வாங்கலாமா கூடாதா என்கிற சண்டை நம்ம கூட்டங்களில் ஓயறதே இல்லை. வாங்கினவன் விலைபோயிட்டான், மறுத்தவன் மானஸ்தன் என்று ரெண்டே கட்டம் போட்டு ஆளை அடைச்சுடறோம். நானும் அப்படிப் பேசினவன்தான். ஆனால் நம்ம சண்டைக்குள்ளேயே நின்னுக்கிட்டிருந்தா இது பிடிபடாது. கொஞ்சம் தள்ளிப்போய், உலகத்துக் கணக்குக்காரர்கள் கூடுகிற இடத்தில் நின்று பார்ப்போம்.

ஏன் கணக்கு? ‘கணக்கு ஆளைப் பார்க்காது, சரின்னா சரி, தப்புன்னா தப்பு’ என்று எல்லாரும் சத்தியம் பண்ணுவது அது ஒண்ணைப் பற்றித்தான். தகுதி, திறமை என்று நம்மை அடிக்க ஓங்குகிற கம்புக்கும் அதுதான் பூண்.

சர்வதேசக் கணிதவியலாளர் மாநாடு 1897இல் சூரிச்சில் தொடங்கியது. இப்போது நாலு வருசத்துக்கு ஒருமுறை கூடுகிறது. கணக்குக்கு நோபல் பரிசு கிடையாது. அந்த இடத்தில் உலகம் வைத்துப் பார்ப்பது இந்த மாநாட்டில் தருகிற ஃபீல்ட்ஸ் பதக்கத்தைத்தான்.

பதக்கத்தின் பிறப்பைக் கேளுங்கள். ஜான் சார்லஸ் ஃபீல்ட்ஸ் என்கிற கனடாக்காரர் 1924இல் டொராண்டோ மாநாட்டை நடத்தினார். முதல் உலகப்போர் முடிந்து ஆறு வருசம் ஆகியும் அதில் ஜெர்மானியர்களுக்கு இடமில்லை. 1920இல் ஸ்ட்ராஸ்பூர்கில் நடந்ததும் அப்படித்தான். தோற்ற நாட்டுக்காரன் போட்டால் கூட்டலும் தீட்டு! அப்படிக் கதவடைத்த கூட்டத்தில் மிச்சப்பட்ட காசுதான் பதக்கத்துக்கு முதல். ஃபீல்ட்ஸ் நினைத்ததோ வேறு. எந்த நாட்டின் பெயரும், எந்த நிறுவனத்தின் பெயரும், எந்த மனிதனின் பெயரும் பதக்கத்தோடு ஒட்டக்கூடாது என்றார். 1932இல் செத்துப்போனார். 1936இல் ஆஸ்லோவில் முதன்முதலாக ரெண்டு பேருக்குக் கொடுத்தார்கள். பெயரே வேண்டாம் என்றவரின் பெயரே அதில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் வயசு. மாநாடு நடக்கிற வருசத்தின் ஜனவரி 1க்கு முன்னாலேயே 40 வயசு நிறைந்துவிட்டால் பதக்கம் கிடையாது. முன்னூற்றைம்பது வருசமாக யாராலும் நிரூபிக்க முடியாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக 1993இல் ஆண்ட்ரூ வைல்ஸ் அறிவித்தார். அதில் ஓட்டை இருந்தது, 1994இல் அடைத்தார். அதற்குள் 40 தாண்டிவிட்டது. 1998இல் பெர்லினில் ஒரு வெள்ளித் தகடு கொடுத்து மரியாதை பண்ணினார்கள். நிரூபணத்துக்கு வயசு இல்லை, பதக்கத்துக்கு இருக்கிறது.

வைல்ஸாவது படிக்கத் தடை இல்லாமல் வந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே பாதி ஆயுசு போகிற சனத்துக்கு 40 என்பது என்ன கணக்கு? பெண்களைப் பாருங்கள். 1936இல் ஆரம்பித்த பதக்கம் ஒரு பெண் கைக்குப் போக 78 வருசம் ஆச்சு. 2014இல் சியோலில் ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி வாங்கினார்; மூணு வருசத்தில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. 2022 வரை அறிவித்த 64 பேரில் பெண்கள் 2 பேர். தேற்றம் ஆள் பார்க்காது, சரி. தேற்றத்துக்கு மாலை போடுகிற கூட்டம் பார்க்கும்.

இனி நம்ம சண்டைக்கு வருவோம். ரெண்டு பேர். ஒருத்தர் மறுத்தார், ஒருத்தர் வாங்கினார்.

மறுத்தவர் ரஷ்யாவின் கிரிகோரி பெரெல்மான். புவான்கரே 1904இல் எழுப்பிய கேள்வி ஒண்ணு நூறு வருசமாகக் கிடந்தது. அதற்கான விடையை 2002, 2003இல் மூணு கட்டுரைகளாக இணையத்தில் போட்டார். எந்தப் பெரிய இதழுக்கும் அனுப்பவில்லை. 2006இல் மாட்ரிட் மாநாட்டில் ஸ்பெயின் அரசர் கையால் பதக்கம் வாங்கவேண்டியது. சர்வதேசக் கணிதச் சங்கத் தலைவரே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் ரெண்டு நாள் பேசிப்பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டார். 2010இல் இன்னொரு நிறுவனம் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. அதையும் மறுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் முக்கியம்: இந்த விடைக்கு வழிபோட்ட அமெரிக்கர் ரிச்சர்ட் ஹாமில்டனின் பங்கு என் பங்குக்குக் குறைந்ததில்லை, இந்த முடிவு நியாயமில்லை.

இதை நாம மானஸ்தன் கதையாக, துறவி கதையாகச் சொல்லிப் பழகிட்டோம். அவர் பேசியது துறவு இல்லை, பங்கு. பல பேர் உழைத்த வயலுக்கு ஒருத்தன் பேரில் பட்டா போடாதே என்றார்.

வாங்கினவர் குர்து இனத்துக்காரர். 1978இல் ஈரானின் மரிவான் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு ரெண்டு வயசு ஆகும்போது ஈராக் போர் தொடங்கி எட்டு வருசம் நடந்தது. டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சுவரில் மாட்டியிருந்த ஃபீல்ட்ஸ் பதக்கக்காரர்களின் படங்களைப் பார்த்து, இவர்களில் ஒருத்தரையாவது நேரில் பார்ப்போமா என்று நினைத்துக்கொள்வாராம். இங்கிலாந்துக்குப் போய் அடைக்கலம் கேட்டார். அங்கே பிறவிப்பெயரை விட்டுவிட்டு கோச்சர் பிர்கார் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார். குர்து மொழியில் அதற்கு ‘இடம்பெயர்ந்த கணிதக்காரன்’ என்று பொருள். பெயரை மாற்றி வாழத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவர் ஒளிந்துகொள்ளப் பெயர் மாற்றவில்லை. தன்னை விரட்டின வரலாற்றையே பெயராக்கிக்கொண்டார்.

2018இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். இந்தச் செய்தி 4 கோடி குர்துகள் முகத்தில் ஒரு சிரிப்பைக் கொண்டுவரட்டும் என்றார் அவர். வாங்கின கொஞ்ச நேரத்தில் பதக்கம் திருட்டுப்போனது. சில நாளில் வேறொண்ணு கொடுத்தார்கள். தங்கத்தைத் திருடலாம், திரும்ப வார்க்கலாம். மேடையில் ஒலித்த பெயரைத் திருட முடியாது.

இவரை விலைபோனவர் என்போமா? பெரெல்மான் வாங்கியிருந்தால் ஹாமில்டன் மறைந்திருப்பார். பிர்கார் மறுத்திருந்தால், சொந்த நாடில்லாத ஒரு சனம் அந்த மேடையில் தெரியாமலே போயிருக்கும். ரெண்டு பேரும் செய்தது ஒரே நியாயம்தான். அதனால் வாங்கினானா மறுத்தானா என்பது கேள்வியே இல்லை. இந்தப் பெயரால் யார் மறைகிறார்கள், யார் வெளியே தெரிகிறார்கள்? அதுதான் கேள்வி.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. ‘பார், அகதியே வாங்கிட்டான், கதவு திறந்துதானே கிடக்கு’ என்பான் தகுதி பேசுகிறவன். சுவரேறிக் குதித்து வந்தவனைக் காட்டி, வாசல் திறந்திருந்தது என்று சாட்சி சொல்லக்கூடாது. சுவர் எவ்வளவு உயரம், ஏற முடியாமல் வெளியே நிற்பவர்கள் யார் என்றுதான் அவனைக் கேட்கவேண்டும். வாங்கினவனுக்கும் அந்தக் கடமை உண்டு. பிர்கார் வெளியே நிற்பவர்களின் பெயரையும் சேர்த்துத்தான் வாங்கினார்.

அடுத்தமுறை நம்மில் ஒருத்தருக்குப் பரிசு என்று செய்தி வரும்போது, திட்டுவதற்கும் தோளில் தூக்குவதற்கும் முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம் தோழர்களே. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.