தன் வீடும் அயல் வீடும்

தன் மக்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது ஓர் அரசின் கடமை. இதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கடமை, அயலவனின் பிழைப்பில் கைவைக்கும் உரிமையையும் தருகின்றதா?

2009 பெப்ரவரியில், பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த அமெரிக்கா ஒரு மீட்புச் சட்டத்தை இயற்றியது. அந்நிதியில் நடைபெறும் பொது வேலைகளுக்கு அமெரிக்க இரும்பு, உருக்கு, உற்பத்திப் பொருட்களையே வாங்க வேண்டும் என அது விதித்தது. சர்வதேச உடன்படிக்கைகளுக்கு அமைய நடப்பதாகவும் அச்சட்டம் கூறிற்று. ஆயினும் கனடிய மாகாணங்கள் அரச கொள்வனவு உடன்படிக்கையில் சேர்ந்திருக்கவில்லை. ஆகவே அமெரிக்க மாநில, நகர வேலைகளில் கனடியப் பொருட்களுக்குக் கதவு அடைபட்டது.

கனடிய நகரசபைகள் கொதித்தெழுந்தன. யூன் மாதத்தில் அவற்றின் சம்மேளனம், தடைவிதிக்கும் நாடுகளின் பொருட்களைத் தாமும் வாங்குவதில்லை என 189க்கு 175 வாக்குகளால் தீர்மானித்தது. ஆனால் பேச்சுவார்த்தைக்கென 120 நாட்கள் பொறுத்திருக்கவும் இணங்கியது. 2010 பெப்ரவரியில் இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. அதற்குள் மீட்பு நிதியின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டாயிற்று.

இங்கே குற்றவாளி யார்? அமெரிக்கத் தொழிலாளியின் பசி மெய்யானது. கனடியத் தொழிலாளியின் பசியும் அவ்வாறே. தன் பிள்ளைக்கு முதலில் சோறிடும் தாயை யாரும் குறைகூறார். அயல்வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுச் சோறிடுவதோ வேறு. முதலிடம் கொடுப்பதும் முற்றாகத் தடுப்பதும் ஒன்றல்ல.

நாம் விதிக்கும் விதியை அயலவன் நமக்கு விதித்தால் ஏற்போமா? இக்கேள்வியைச் சட்டம் இயற்றுமுன் கேட்பதே நீதி. பின்னர் கேட்டால், உடன்பாடு வரும். இழந்த வேலை வராது.