ஜும்ஆ உரை: சிறப்புக் குழந்தைகளும் நம் ஜமாஅத்தும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

கண்ணியமிக்க அல்லாஹ்வின் நல்லடியார்களே!

சில மாதங்களாக ஜும்ஆவில் காணாத ஒரு சகோதரரை மயிலாப்பூர் கடைத்தெருவில் சந்தித்தேன். அவருடைய ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம். ஒருநாள் பள்ளிக்கு அழைத்து வந்தபோது, மைக் சத்தம் தாங்காமல் பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்தியிருக்கிறான். பின் ஸஃப்பில் இருந்த ஒருவர், "இதையெல்லாம் ஏன் பள்ளிக்குக் கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். "'இவனை'ன்னு கூடச் சொல்லலை ஹஜ்ரத், 'இதை'ன்னு சொன்னார்" என்றார் அந்தத் தகப்பனார். அன்று மிம்பரில் இருந்தவன் நான்தான். எனக்கு அது தெரியவே இல்லை.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்தார்கள். நபியவர்களின் முகம் சுளித்தது. வந்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் அல்லாஹ் அதைச் சுட்டிக்காட்டி 'அபஸ' அத்தியாயத்தை இறக்கினான். அதே ஸஹாபிதான் பின்னாளில் நபியவர்களின் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். நபியவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்கள்.

இன்னொரு செய்தி முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மனநிலை பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி தனக்கு ஒரு தேவை இருப்பதாக நபியவர்களிடம் சொன்னார். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று கேட்பதாக நபியவர்கள் பதில் சொல்லி, அவர் பேசி முடிக்கும் வரை உடன் நின்றார்கள். தெருவில், எல்லோரும் பார்க்க!

சகோதரர்களே! அந்தக் குழந்தையின் கணக்கை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. முகம் சுளிக்கும் நம் கணக்கை எழுதுவது உயர்த்தப்படவில்லை.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. இந்தக் குழந்தை உங்கள் பாவத்தின் தண்டனை அல்ல. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் சொல்லும் சட்டம். தாயைக் குறை சொல்லும் வாய்கள் அல்லாஹ்வைப் பயந்துகொள்ளட்டும். அதே நேரம், ஸப்ர் என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அல்ல. தினமும் முயற்சி செய்வது.

நம் தி. நகரில் 1989 முதல் மதுரம் நாராயணன் மையம் இருக்கிறது. அங்கே தாயும் குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சி பெறுகிறார். உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்தல், பேச்சு, அறிவு, பழகுதல் என ஐந்து துறைகளில் படிப்படியாகக் கற்றுக்கொண்டு, வீட்டில் அதையே தொடர்கிறார். காரணம் எளிது. பயிற்சியாளரிடம் பிள்ளை இருப்பது ஒரு மணி நேரம். மீதி நாள் முழுவதும் உங்களிடம்தான். கோட்டூர்புரம் வித்யாசாகரும் 1985 முதல் இத்தகைய பிள்ளைகளுக்காக இயங்கி வருகிறது. சந்தேகம் வந்தவுடனே போய்க் கேளுங்கள். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்" என்று வருடங்களைக் கடத்தாதீர்கள்.

உளூவையே எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள். எல்லாவற்றையும் நீங்களே உதவிச் செய்துவிட்டு, கடைசியில் குழாயை மூடுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். மூடியதும் "மாஷா அல்லாஹ்" என்று பாராட்டுங்கள். அது பழகியதும், அதற்கு முந்தைய படியான கால் கழுவுதல். இப்படிப் பின்னிருந்து முன்னே வாருங்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளை, 'நான் முடித்தேன்' என்ற மகிழ்ச்சியோடு எழும்.

பள்ளிக்குப் பழக்குவதும் அப்படியே. கூட்டமுள்ள ஜும்ஆவில் தொடங்காதீர்கள். கூட்டமில்லாத ஒரு அஸருக்கு முன்னால், ஐந்து நிமிடம் கூட்டி வாருங்கள். எங்கே செருப்பு விடுவது, எங்கே உட்காருவது என்று காட்டுங்கள். மைக்கிலிருந்து தள்ளி, வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை தாங்காவிட்டால் வெளியே போய் வருவதில் வெட்கமில்லை.

ஜமாஅத்தார்களே, நம் பங்கு என்ன? குழந்தையின் அழுகுரல் கேட்டு, தாய் தவிப்பாளே என்று நபியவர்கள் தொழுகையையே சுருக்கினார்கள் (புகாரி). நம்மால் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியாதா? திரும்பி முறைக்காதீர்கள். பிள்ளையின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி ஸலாம் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த வாரமும் சொல்லுங்கள். கல்யாணம், அகீகா அழைப்பில் அந்தப் பிள்ளையையும் சேர்த்து அழையுங்கள். வீட்டில் கற்றதைப் பழகிப் பார்க்க ஒரு இடம் வேண்டாமா? அந்த இடம் நாம்தான்.

படித்த இளைஞர்கள் இன்னொரு உதவி செய்யலாம். 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்றிருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. அடையாள அட்டைக்கும் இதற்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், இதுவும் ஸதகாதான்.

அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்ஷா அல்லாஹ், செவ்வாய் அஸருக்கு மகனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் யாரும் கூட்டம் போடாதீர்கள். ஒரு ஸலாம் போதும்.

யா அல்லாஹ்! இந்தப் பெற்றோரின் கைகளுக்கு வலுவையும், எங்கள் உள்ளங்களுக்கு மென்மையையும் தருவாயாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.