பழைய படம் எதனால் நிற்கிறது?

திரைப்பட விளம்பரங்களில் 'காலத்தை வென்ற காவியம்' என்னுந் தொடரை நாம் அடிக்கடி காண்கின்றோம். காலத்தைப் பகைவனாகவும் படத்தை மல்லனாகவும் கற்பித்துக்கொண்டு, மல்லன் வென்றான் என்று கைதட்டுவதில் ஒரு வசதி உண்டு. எதனை வென்றான், யார் கண்டு தீர்ப்பளித்தார் என்னும் வினாக்களை அதன்பின் எழுப்பவேண்டியதில்லை. பழைய படங்கள் இன்றைய பார்வையாளர் முன் நிற்குமா என்ற கேள்வியை இந்த விளம்பர மொழியிலிருந்து மீட்டெடுத்து ஆராய விரும்புகின்றோம். அது இரசனை பற்றிய கேள்வி போலத் தோன்றினும், அறம் பற்றிய கேள்வியே என்பது நமது கருத்து.

சென்ற தவணையில், நாம் கற்பிக்கும் பாடசாலையில், உயர்தர வகுப்பு மாணவர்க்குச் 'சைக்கிள் திருடர்கள்' என்ற இத்தாலியப் படத்தைக் காட்டினோம். வித்தோரியோ டி சீக்கா 1948இல் இயக்கிய படம். திரைக்கதையிற் பெரும்பங்கு செசாரே சவத்தீனியுடையது. மண்டபத்து யன்னல்களைப் பழைய மேசைவிரிப்புகளால் மறைத்தோம். அடியில் ஓடிய ஆங்கில வரிகள் பலர்க்கு எட்டாதவையாதலால், வேண்டிய இடங்களில் நாமே எழுந்து நின்று பொருள் சொன்னோம். முதற் பத்து நிமிடமும் பின்வாங்கில் சிரிப்பு ஓயவில்லை. கறுப்பு வெள்ளை அவர்களுக்கு வேடிக்கையாயிருந்தது. கைத்தொலைபேசியில் அரை நிமிடக் காட்சிகளுக்குப் பழகிய கண்களுக்கு, ஒரு மனிதன் படியேறிச் செல்வதை முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது பெருந்தண்டனையாகத் தோன்றியிருக்கும். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாமும் மாணவராயிருந்த காலத்தில் இப்படத்தை முதலிற் பாதியில் நிறுத்தியவரே.

கதை யாவர்க்கும் விளங்கக்கூடியது. யுத்தம் முடிந்து மூன்றாண்டுகளான ரோம் நகரம். வேலையற்றிருந்த அந்தோனியோ ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தாற்றான் வேலை, சைக்கிளோ அடகுக்கடையில். மனைவி மரியா கட்டிலில் விரித்திருந்த விரிப்புகளை உருவியெடுத்து மூட்டையாகக் கட்டி அடகுக்குக் கொண்டுபோகிறாள். கடை ஊழியன் ஒருவன் அம்மூட்டையைத் தூக்கிக்கொண்டு, உயர்ந்தெழுந்த தட்டுகளில் ஏறுகிறான். அத்தட்டுகள் நிறைய அதேபோன்ற மூட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் படுக்கை. கமெரா அவனோடு மேலே மேலே செல்கிறது. எவரும் எதுவும் விளக்கவில்லை. பின்வாங்கின் சிரிப்பு அவ்விடத்தில் நின்றது.

ஏன் நின்றது என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 2022இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாக நின்ற நாடு இது. வீட்டுக் கோடியிற் போட்டுவைத்த சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவர்களும், தாயின் சங்கிலி அடகுக்குப் போய்த் திரும்பாததை அறிந்தவர்களும் அம்மாணவர்கள். அவர்களுடைய பெற்றோரோ, 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வடபகுதியிலே சைக்கிளைக் குடும்ப வாகனமாகவும் பாரவண்டியாகவும் உழக்கியவர்கள். வேலைக்குச் சென்ற முதல் நாளிலேயே, ஹொலிவூட் நடிகை ரீட்டா ஹேவர்த்தின் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கையில், ரிச்சியின் சைக்கிள் களவு போனபோது, மண்டபத்தில் எழுந்த ஒலியை நாம் இன்னும் மறக்கவில்லை.

படம் முடிந்து வெளிச்சம் வந்தபின் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "வறுமை இல்லாமல் போனால் இந்தப் படமும் செத்துப்போகுமோ, சேர்?"

'யோசிப்போம்' என்று சொல்லி அன்று தப்பிக்கொண்டோம். இக்கட்டுரை அந்த யோசனையின் விளைவு.

இவ்வினா புதிதன்று. 1857இல் கார்ல் மார்க்ஸ் தமது பொருளாதார ஆய்வுக்கென எழுதிய முன்னுரைக் குறிப்பொன்றில் இதனையொத்த சிக்கலை எழுப்பினார். கிரேக்கக் கலை அக்காலச் சமுதாய வளர்ச்சியோடு பிணைந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. அச்சமுதாயம் மறைந்த பின்னரும் அக்கலை நமக்கு இன்பம் பயப்பது ஏன் என்பதே கடினம் என்றார். மனிதகுலத்தின் குழந்தைப் பருவம் மீண்டும் வாராதது. ஆகையாற்றான் நம்மைக் கவர்கிறது என்பது அவர் தந்த விடையின் சாரம். மார்க்ஸ் கூறினார் என்பதற்காக நாம் அவ்விடையை ஏற்கவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு ரோம் எவருடைய குழந்தைப் பருவமும் அன்று. ஆயினும், சமுதாயம் மாறினாற் கலையும் உடன் மாண்டுவிடும் என்று எளிதாகக் கணக்கு முடிக்காமல், அவ்விடத்தில் நின்று தயங்கிய அவர் நேர்மையை நாம் பின்பற்றலாம்.

நம்மில் முற்போக்காளர் பலரிடம் தயாராக ஒரு விடை உண்டு: படம் காட்டும் நிலைமை இன்றும் நிலவுகிறது, ஆகவே படம் நிற்கிறது என்பது. அன்று மண்டபத்தில் நிகழ்ந்ததும் இவ்விடைக்குச் சான்று போலத் தோன்றும். ஆனால் இதனை அளவுகோலாகக் கொள்வோமாயின் ஒரு பெருஞ்சங்கடம் காத்திருக்கிறது.

அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித் 1915இல் வெளியிட்ட 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற மௌனப்படத்தை எடுத்துக்கொள்வோம். சினிமா வரலாறு கற்போர் அனைவரும் அதனைச் சந்தித்தே ஆகவேண்டும். வெவ்வேறிடங்களில் ஒரேவேளை நிகழ்பவற்றை மாறிமாறி வெட்டிக் காட்டி, ஆபத்தில் இருப்போரை நோக்கி மீட்போர் விரைந்துவரும் பதற்றத்தை வளர்க்கும் உத்தி, அப்படத்திற் பேராற்றலுடன் கையாளப்பட்டது. இன்று நாம் காணும் துரத்தற் காட்சிகளெல்லாம் அந்த உத்தியின் வழிவந்தவையே. ஆனால் அங்கே குதிரையேறி விரைந்துவரும் மீட்பர் யாவர்? கறுப்பின மக்களைக் கொன்று அச்சுறுத்திய கூ கிளக்ஸ் கிளான் என்ற கூட்டத்தார். கறுப்பினப் பாத்திரங்களிற் பலவற்றை வெள்ளையரே முகத்திற் கரிபூசி நடித்தனர். ஜனாதிபதி வூட்ரோ வில்சனுக்கு அது வெள்ளை மாளிகையிலேயே காட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், மறைந்துபோயிருந்த அக்கூட்டம் ஜோர்ஜியா மாநிலத்தில் மீண்டும் நிறுவப்பெற்றது.

இனவெறி இன்றும் சாகவில்லை. நிலைமை தொடர்வதனாற் படம் நிற்கும் என்பது உண்மையாயின், கிரிபித்தின் படமும் நிற்கிறது. டி சீக்காவினதைவிட உறுதியாகவே நிற்கிறது. உத்தியின் ஆயுளை அளவாகக் கொண்டாலும் முடிவு அதுவே. இத்தகைய முடிவைத் தரும் அளவுகோல்களை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

இவ்விடத்தில் வழக்கமாக ஒரு சமாதானம் கூறப்படும். 'அக்காலம் அப்படி, இன்றைய கண்கொண்டு அன்றைய படத்தை அளக்கலாகாது' என்பர். வரலாற்றுணர்வு போன்று ஒலிக்கும் இவ்வாக்கியம் வரலாற்றுக்கே முரணானது. 1909இல் தோன்றிய, கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம், 1915லேயே அப்படத்துக்கு எதிராகப் போராடிற்று. பொஸ்ரன் நகரில் வில்லியம் மன்றோ ட்ரொட்டர் என்ற கறுப்பினப் பத்திரிகையாசிரியர் மக்களைத் திரட்டி எதிர்ப்புக் காட்டினார். அவர்களும் அக்காலத்தவரே. அதே ஆண்டில், அதே நாட்டில், அதே படத்தைப் பற்றிப் பேசியவர்கள். 'அக்காலம் அப்படி' என்போர், அக்காலத்தில் வாழ்ந்தோரில் ஒரு பகுதியாரை மாத்திரமே காலம் என்று எண்ணுகின்றனர். நம் வீடுகளிலும் இது நடப்பதுதான். கணவன் மனைவியின் கன்னத்தில் அறைந்து அவளைத் 'திருத்தும்' பழைய தமிழ்ப் படமொன்று தொலைக்காட்சியில் ஓடும்போது, பெரியவர் யாராவது இச்சமாதானத்தைச் சொல்வார். அறை வாங்கியவளும் அக்காலத்தவளே. அவளிடம் எவரும் கேட்டதில்லை.

கிரிபித்தின் காலத்தவர் வெறும் கண்டனத்தோடு அமையவுமில்லை. ஒஸ்கார் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 1920இல் 'எங்கள் வாயில்களுக்குள்ளே' என்ற படத்தை எடுத்தார். கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடித் தூக்கிலிடும் கொடுமையை, அக்கொடுமைக்கு ஆளானவர் பக்கத்தில் நின்று அது காட்டியது. அப்படத்துக்கு நேர்ந்தது யாது? நெடுங்காலம் அது தொலைந்ததாகவே கருதப்பட்டது. பின்னர் ஸ்பானிய நாட்டு ஆவணக் காப்பகத்தில் ஒரேயொரு பிரதி அகப்பட்டது. காட்சிகளுக்கிடையே வரும் எழுத்துகள் ஸ்பானிய மொழியில் இருந்தமையால், அவற்றைத் திரும்பவும் ஆங்கிலத்தில் ஆக்கி, 1993இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனைப் புதுப்பித்தது. பொய் சொன்ன படம் பேணப்பட்டுப் பாடநூல்களில் ஏறியது. அதற்கு மறுமொழி சொன்ன படம் அந்நிய தேசத்தில் அந்நிய மொழியில் அநாதையாய்க் கிடந்தது. 'காலம் தேர்ந்தெடுத்தது' என்று சொல்வோர், காலத்துக்குப் பதிலாகப் பண்டகசாலைத் திறப்பை யார் வைத்திருந்தார் என்று விசாரிப்பது நன்று.

கிரிபித்தின் படத்தை எரிக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. சினிமா பயிலும் மாணவர் அதனைப் பார்க்கட்டும். மிஷோவின் படத்தோடு சேர்த்துப் பார்க்கட்டும். ஆனால் அது 'நிற்கிறது' என்று சொல்ல நாம் உடன்படோம். ஏனெனின், கரிபூசிய முகத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கக்கூடும் என்ற ஐயங்கூட அப்படத்துக்கு எழவில்லை. அதன் கலைத்திறன் அத்தனையும் அவ்வையம் எழாதிருக்கவே உழைக்கிறது.

இனி ரிச்சியிடம் திரும்புவோம். மறுநாள் முழுவதும் தன் சிறு மகன் புரூனோவோடு அவன் அலைகிறான். பொலீஸ் உதவவில்லை, தொழிலாளர் கூட்டத்திற் பேசுபவருக்கு ஒரு சைக்கிளைப் பற்றிச் சிந்திக்க நேரமில்லை (நமக்கு உறைக்கவேண்டிய காட்சி இது), தேவாலயத்தில் ஏழைகளுக்குச் சவரமும் பிரார்த்தனையும் உண்டு, சைக்கிள் இல்லை. ஈற்றிற் கள்வனைக் கண்டுபிடிக்கிறான். அவ்விடத்தில் வேறொரு படமாயின் நீதி வென்றிருக்கும். இங்கோ கள்வன் தெருவில் வலிப்பு வந்து விழுகிறான். அவனுடைய தாய் வாழும் அறை ரிச்சியின் வீட்டைவிட வறியது. அயலவர் அவன் பக்கம் நிற்கின்றனர். சாட்சியில்லை. பின்னர் விளையாட்டரங்கின் வெளியே வரிசை வரிசையாக நிற்கும் சைக்கிள்களின் நடுவே, மகனை டிராம் வண்டியில் ஏறிப்போகச் சொல்லிவிட்டு, ரிச்சி தானே ஒரு சைக்கிளைத் திருடுகிறான், பிடிபடுகிறான், அறை வாங்குகிறான். டிராமைத் தவறவிட்ட மகன் அதனைக் காண்கிறான். சைக்கிளுக்குரியவர் அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே தந்தையை விட்டுவிடுகிறார்.

இத்தாலிய மொழியில் இப்படத்தின் பெயர் பன்மையில் உள்ளது. அமெரிக்காவில் அது 'சைக்கிள் திருடன்' என்று ஒருமையாக்கப்பட்டது. அவ்வொருமை படத்தையே கொன்றுவிடும். திருடர் இருவர், அவருள் ஒருவன் நாம் இவ்வளவு நேரம் கைபிடித்து நடந்தவன். வறுமை ஒழிந்த ஒரு சமுதாயத்திலும், தன் பிள்ளையின் கண்முன்னே தாழ்ந்துபோன ஒரு தந்தை இருப்பான். கும்பல் ஒன்று ஒருவனைச் சூழ்ந்து 'கள்வன்' என்று கத்தும்போது, அவன் காலையிலிருந்து எங்கெங்கு அலைந்தான் என்று எண்ணிப் பார்ப்பவர் அங்கும் வேண்டும். ஆகவே அம்மாணவனுக்கு நமது விடை: வறுமை ஒழிந்தாற் படம் சாகாது. அடகுக்கடைக் காட்சிக்கு மாத்திரம் அடிக்குறிப்பு எழுதவேண்டியிருக்கும். அவ்வடிக்குறிப்பை எழுதும் நாள் வருமாயின் நாம் மகிழ்ச்சியோடு எழுதுவோம்.

பட்டியல்களை நம்பி இதனைச் சொல்லவில்லை. பிரித்தானியச் சினிமாச் சஞ்சிகையொன்று 1952இல் விமர்சகரிடையே நடத்திய வாக்கெடுப்பில் இப்படம் முதலிடம் பெற்றது. அதே சஞ்சிகையின் 2022ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் 41ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. எழுபதாண்டுகளிற் படத்தில் ஒரு சட்டமும் மாறவில்லை.

மனிதனை மனிதனாகக் கண்டதா என்ற நமது அளவுகோலை டி சீக்காமீதும் வைக்கவேண்டும். வைத்தாற் குறை தெரியும். ரிச்சியாக நடித்த லம்பெர்த்தோ மஜியோரானி தொழில்முறை நடிகரல்லர், ஆலைத் தொழிலாளி. படம் உலகப்புகழ் பெற்றபின் அவர் ஆலைக்குத் திரும்பினார், ஆட்குறைப்பில் வேலையிழந்தார். வேலையிழந்தவனாக நடித்ததன் பொருட்டு உலகம் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்த காலம் அது. இக்குறை படத்துடையதா, பார்த்துக் கண்ணீர் விட்டவர்களுடையதா என்பதை நாம் தீர்க்கமுடியவில்லை.

மற்றொரு குறையை நாமாகக் காணவில்லை. வகுப்பிலிருந்த ஒரு மாணவி காட்டினாள். விரிப்புகளை உருவியெடுத்து இக்கதையையே தொடக்கிவைத்த மரியா, சைக்கிள் களவுபோன அன்றிரவோடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறாள். தேடல் முழுவதும் தந்தைக்கும் மகனுக்கும் உரியது. "அம்மா அன்றைக்கு முழுக்க என்ன செய்தவ?" என்று அவள் கேட்டாள். பல முறை இப்படத்தைப் பார்த்திருந்தும் நாம் அதனைக் கேட்டதில்லை. 1948இல் இருந்த பெண்கள் கேட்டிருப்பார்கள்.

நீயே எழுது என்றோம். மறுவாரம் கொப்பியில் மூன்று பக்கம் எழுதிவந்தாள். இருட்டிவிட்டது. விரிப்பில்லாத மெத்தையிற் கைக்குழந்தை உறங்குகிறது. மரியா படிக்கட்டை நோக்கிக் காதைக் கொடுத்தபடி இருக்கிறாள். பெரிய காலடியும் சிறிய காலடியும் ஏறி வருகின்றன. சைக்கிளைத் தூக்கி வரும் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மூன்றாவதையும் எடுத்து வைக்கிறாள். அடுத்த தவணையிற் படத்தை மீண்டும் காட்டும்போது, முடிந்த கையோடு அதனை வாசிக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கின்றோம்.