காணாத பக்கத்தின் வேலைப்பாடு

பிறர் பார்வை படாத இடத்திலும் ஒருவன் தன் வேலையைச் செம்மையாகச் செய்யக் கடமைப்பட்டவனா? அறநூலார் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இக்கேள்வியை ஒரு கைக்கடிகாரத்தின் முதுகை வைத்து ஆராயப் புகுந்தால் வாசகர் புன்னகை புரியக்கூடும். ஆயினும், பயணிகளுக்கென்றே சுவிட்சர்லாந்தில் செய்யப்படும் இருநேரக் கடிகாரங்களைக் கூர்ந்து நோக்கினால், இக்கேள்வி அங்கே உலோகமாகவும் கண்ணாடியாகவும் உருப்பெற்றிருப்பதைக் காண்கிறோம்.

முதலில் அவற்றின் அமைப்பை அறிந்துகொள்வோம். ஜெனீவாவின் பட்டேக் பிலிப் நிறுவனம் 1959-இல், லூயி கோத்தியே என்னும் கைவினைஞர் வகுத்த பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது. உறையின் இடப்புறம் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் மணிமுள் ஒரு மணி முன்னேறும். மற்றதை அழுத்தினால் ஒரு மணி பின்வாங்கும். நிமிடமுள் இதனால் சற்றும் கலங்குவதில்லை. பின்னர் வந்த வடிவங்களில் மணிமுட்கள் இரண்டு. ஒன்று சென்ற இடத்தின் நேரத்தையும், மற்றொன்று வீட்டின் நேரத்தையும் காட்டும். 2015-இல் வெளிவந்த விமானி வடிவத்தில் வீட்டு நேரத்தைக் காட்டும் முள் நடுப்பகுதி வெட்டப்பட்டு, வெறும் கோட்டுருவாய் இருக்கிறது. பயணி வீடு திரும்பியதும் அது மற்ற முள்ளின் அடியில் மறைந்துகொள்ளும். மறைந்தபடியே ஓடிக்கொண்டும் இருக்கும். இத்தனை அடக்கமான ஓர் உறுப்பை எண்ணிச் செய்தவரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். (அதன் விலையைக் கேட்டறிந்த பின்னரும் அப்பாராட்டு குறையவில்லை, வாங்கும் எண்ணம்தான் எழவில்லை.)

முகப்பில் ஏறத்தாழ ஒத்துப்போகும் இவ்வகைக் கடிகாரங்கள் முதுகில் வேறுபடுகின்றன. ரோலக்ஸ் நிறுவனம் 1955-இல் பான் அமெரிக்கன் விமானிகளை மனத்திற்கொண்டு வெளியிட்ட ஜி.எம்.டி.-மாஸ்டர் கடிகாரத்தின் பின்புறம் வெறும் உலோகத் தகடு. அதன் வழிவந்த கடிகாரங்களும் இன்றுவரை அவ்வாறே மூடியிருக்கின்றன. பட்டேக் நிறுவனத்தின் விமானி வடிவத்திலோ பின்மூடி நீலமணிப் படிகக் கண்ணாடியால் ஆனது. திருப்பிப் பார்த்தால் இயந்திரம் முழுதும் தெரியும். எது சிறந்தது என்பதில் கடிகார ஆர்வலர்கள் இன்னும் உடன்படவில்லை.

கண்ணாடி முதுகு பரவலானது அண்மைக் காலத்தில்தான். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துல்லியத்தில் அதனோடு பழைய சுருள்வில் கடிகாரம் போட்டியிட இயலாது. எனவே, பயனுக்காக வாங்கப்பட்ட பொருள் அழகுக்காக வாங்கப்படலாயிற்று. அழகைக் காட்டச் சாளரம் வேண்டியதாயிற்று. அதற்கு முன்போ, உயர்ந்த கைக்கடிகாரங்களின் மூடிய முதுகுக்குள்ளும் தகடுகளின் விளிம்புகள் சாய்வாகச் சீவப்பட்டு மெருகேற்றப்பட்டிருந்தன. திருகாணிகளின் தலைகள்கூடப் பளபளத்தன. இத்தகைய நேர்த்தியைக் கோரும் ஜெனீவா முத்திரைக்கான சட்டம் 1886-லேயே இயற்றப்பட்டது. அம்மெருகைக் கண்டவர் யார்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயிடுவதற்காக முதுகைத் திறந்த பழுதுபார்ப்பவர் ஒருவரே. அணிந்தவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பார்த்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

நம் உள்ளம் மூடிய முதுகின் பக்கமே சாய்கிறது. அதில் பெயரும் நாளும் பொறித்து ஒரு தந்தை மகனுக்குத் தர இயலும் என்பது சிறு காரணம். பெருங்காரணம் வேறு. அறநூல் பயின்றோர் செயலையும் நோக்கத்தையும் பிரித்து நோக்குவர். கண்ணாடிக்குக் கீழே தெரியும் பாகத்தை மட்டும் மெருகேற்றிவிட்டு, முகப்புத் தகட்டின் அடியில் மறையும் பாகத்தைக் கரடாகவே விட்டுவிடுகிற தொழிலாளி, வேலையை அன்று, கண்களையே அளந்து பழகிவிடுகிறான். இருப்பினும் எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. மூடிய முதுகு நேர்த்தியை மட்டுமா மறைக்கிறது? சோம்பலையும் அதே தகடு மறைக்கும். மேலும், முகப்பில் நிறுவனத்தின் பெயர் ஒளிர, விளிம்பைச் சீவிய விரல்களுக்கு உரியவரின் பெயர் எங்கும் இல்லை. அவருடைய உழைப்பின்மேல் ஒரு பார்வையேனும் விழ வழிசெய்கிறது என்ற அளவில் கண்ணாடியை நாம் குறைகூறத் துணியோம்.

காணாத விளிம்புக்கு இவ்வளவு கருத்துச் செலுத்தியவர்கள் காணாத மனிதருக்கும் செலுத்தினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. மணிமுட்கள் இரண்டானாலும் நிமிடமுள் ஒன்றே. ஆகவே முழுமணி வேறுபாடுகளை மட்டுமே இக்கடிகாரம் காட்டும். நம் நாட்டின் நேரமோ கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி முந்தியது. ஜெனீவாவில் இறங்கிய இந்தியனுக்கு அந்த உள்ளீடற்ற முள் வீட்டு நேரத்தைச் சரியாகச் சொல்லவே மாட்டாது. எப்போதும் அரைமணி தவறும். இலங்கையருக்கும் இதே நிலை. நேபாளத்தாருக்குக் கால்மணிக் கணக்கு வேறு. இது பொறியியலின் எல்லை என்று சொல்லிவிட இயலாது. ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல் நிறுவனம் அரைமணி, கால்மணி வேறுபாடுகளையும் காட்டும் பயணக் கடிகாரத்தைச் செய்திருக்கிறது. வேண்டும் என்று எண்ணியபோது வழி பிறந்தது.

துபாயின் கட்டடப் பணியிடத்தில் நிற்கும் நம்மவரின் மணிக்கட்டில் இவற்றுள் எதுவும் இல்லை. மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றைப் பார்த்து, ஒன்றரை மணியை மனத்தில் கூட்டி, பிள்ளைகள் உறங்கியிருப்பார்களோ என்று எண்ணியபடியே அவர் வீட்டுக்குத் தொலைபேசியை எடுக்கிறார்.