புளூபிரிண்டில் இல்லாத பாடம்

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஊர் ஊராகப் போய், மாநிலம் தாண்டியும் பாறையைத் துளைக்கிறது. அதில் வேலை செய்கிறவர்கள் எந்தக் கல்லூரியில் போர்வெல் படித்தார்கள்? ஹெல்பராக ஏறினார்கள். ராடு மாட்டினார்கள். பிட் தேய்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறினார்கள். அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளை நீ, "காலேஜ்ல வெப் டெவலப்மென்ட் சொல்லித் தரலை" என்று உட்கார்ந்திருக்கிறாயே, கண்ணு!

உன் தயக்கம் எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகள் மார்க் வாங்க வைப்பதில் பேர் போனவை. புளூபிரிண்ட், புக் பேக், தினம் ஒரு டெஸ்ட். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. நம் மண்டைக்குள் அது இன்னும் நிற்கவில்லை. யாராவது சிலபஸ் தர வேண்டும், யாராவது திருத்த வேண்டும் என்றே காத்திருக்கிறோம். வெப் உலகத்தில் அப்படி யாரும் வர மாட்டார்கள். வரவும் தேவையில்லை. டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய இந்த வலையை 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் காசில்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்றைக்கும் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எஃப்12 தட்டு, அதன் எலும்புக்கூடு தெரியும்.

இங்கிலீஷ் வராதா? து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் எச்டிஎம்எல்', 'எளிய தமிழில் சிஎஸ்எஸ்' மின்னூல்கள் கணியம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தொடங்கு. பிறகு கோடிங் சொல்லித் தரும் ஃப்ரீகோட்கேம்ப் தளத்துக்குப் போ. 2014-இல் அதைத் தொடங்கிய குவின்சி லார்சன் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர். முப்பது வயதுக்கு மேல்தான் கோடிங் பழகினார். உனக்கு இன்னும் இருபதுகூட ஆகியிருக்காது!

முதல் வேலை நான் தருகிறேன். நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை விலை அறிவிக்கிறார்கள் அல்லவா? அந்த விலையைப் போட்டால் 30 முட்டை கொண்ட ஒரு அட்டைக்கு எவ்வளவு, வண்டி வாடகை சேர்த்தால் எவ்வளவு என்று காட்டும் ஒரு பக்கம் செய். விலைப் பெட்டியில் 5, வாடகைப் பெட்டியில் 5 என்று போட்டுக் கூட்டிப் பார். ஜாவாஸ்கிரிப்ட் 10 என்று சொல்லாமல் 55 என்று சொல்லும். பெட்டியில் அடித்ததை அது எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக எடுத்து ஒட்டிவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த 55-ஐ நீயே துரத்திப் பிடித்தாயானால், அதுதான் படிப்பு. எந்தக் கொஸ்டின் பேங்கிலும் அது கிடையாது. "ஏஐ எழுதித் தருமே" என்பாய். தரும். தப்பாக எழுதித் தரும்போது அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டுமே, அது நீயா, அடுத்தவனா?

பட்டத்தைக் கிழித்துப் போடு என்று சொல்லவில்லை, வாங்கு, வைத்துக்கொள். ஆனால் அதையே நம்பி உட்காராதே. பள்ளி முடித்த ஆறே பேரைச் சேர்த்துக்கொண்டு ஜோஹோ மென்பொருள் நிறுவனம் தன் சொந்தப் பள்ளியைத் தொடங்கியது. கட்டணம் வாங்கவில்லை, உதவித்தொகை கொடுத்தது. கல்லூரி வாசலை மிதிக்காதவர்களை அது இன்ஜினியர்களாக எடுத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று போஸ்டர் ஒட்டுகிறவனிடம் அப்பா வாங்கிய கடனைக் கொண்டுபோய்க் கொட்டாதே. அவன் சொல்லித் தருவதில் முக்கால்வாசி நெட்டில் சும்மா கிடக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கும், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்கும், உங்கள் தெரு லாரி பாடி பட்டறைக்கும் ஒரு நல்ல தளம் இருக்கிறதா என்று தேடிப் பார். இல்லையென்றால் போய்ப் பேசு. முதல் தளத்தைச் சும்மாவே செய்து கொடு, இரண்டாவதுக்குக் காசு கேள். கூச்சப்படாமல் கேள்! இன்று ராத்திரி ரீல்ஸை மூடிவிட்டு, அந்த முட்டை விலைப் பக்கத்தின் முதல் வரியை எழுது.