ஏழு வயதுச் சிறுவன் மீது விழுந்த பழி

ஒரு துன்பியல் நாடகத்தைப் படித்து முடித்தபின், அதில் வரும் மாந்தருள் நம் பரிவுக்கு மிகுதியும் உரியவர் யார் என்ற கேள்வி எழுவது இயல்பு. இலக்கிய வகுப்புகளில் இது தேர்வு வினாவாகவும் வருவதுண்டு. ஆயினும் ‘உரியவர்’ என்ற அந்தச் சொல்லே நம்மைச் சற்றுத் தயங்க வைக்கிறது. கூலிக்கு உரியவர் உண்டு. தண்டனைக்கு உரியவர் உண்டு. பரிவையும் அவ்வாறு எடைபோட்டு வழங்க இயலுமா? அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீல் தம் சொந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதிய ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ என்னும் நாடகம் இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்புகிறது.

1941-ஆம் ஆண்டில் ஓநீல் இதனை எழுதி முடித்தார். தாம் இறந்து 25 ஆண்டுகள் கழியும்வரை வெளியிடலாகாது என்று முத்திரையிட்டு வைத்தார். 1953-இல் அவர் மறைந்தார். 1956-இலேயே அவருடைய மனைவி அதனை வெளிக்கொணர்ந்தார். கதை நிகழ்வது 1912 ஆகஸ்ட் மாதத்தில், ஒரே நாளில், ஒரே வீட்டில். தந்தை ஜேம்ஸ் டைரோன், தாய் மேரி, மூத்த மகன் ஜேமி, இளையவன் எட்மண்ட். அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்க மரபினர். இளைய மகனுக்குக் காசநோய் என்பது அன்று உறுதியாகிறது. சிகிச்சை பெற்று வீடு திரும்பி இரண்டே மாதங்களான தாய், மீண்டும் மார்ஃபினுக்கு அடிமையாகிவிட்டாள் என்பதும் அன்றே தெரியவருகிறது.

வாசகர் பலரும் மேரியின் பக்கமே நிற்பர். அதில் வியப்பில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்று, துறவு பூண வேண்டுமென்று விரும்பியவள் அவள். எட்மண்ட் பிறந்த வேளையில் உண்டான வலிக்கு, மலிவான ஒரு மருத்துவர் கொடுத்த மார்ஃபின் அவளை வீழ்த்திற்று. அன்னை மரியாவை நோக்கி மன்றாட முயன்று, பொய்யான வாயிலிருந்து வரும் செபம் அன்னையை ஏமாற்றாது என்று தானே நிறுத்திக்கொள்ளும் இடம் நெஞ்சைப் பிளப்பது. செபிக்க இயலாமையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய பக்கங்கள் மிகச் சிலவே.

டைரோனும் எளிதில் வெறுக்கத்தக்கவர் அல்லர். பத்து வயதில் தந்தையால் கைவிடப்பட்டு, அரம் செய்யும் பட்டறையில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் உழைத்து வாரத்திற்கு 50 சென்ட் ஈட்டியவர். அந்த வறுமையின் அச்சமே பின்னாளில் மகனை மலிவான மருத்துவமனைக்கு அனுப்ப எண்ணும் கஞ்சத்தனமாக மாறிற்று. எட்மண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோயாளிக்கு நாம் கேளாமலே பரிவு காட்டிவிடுகிறோம்.

எஞ்சுபவன் ஜேமி. முப்பத்து மூன்று வயதாகியும் உருப்படியான வாழ்வு இல்லாதவன், குடிகாரன், விலைமாதரை நாடுபவன், நாவில் நஞ்சுள்ளவன். இறுதியில் தாயைப் பற்றி அவன் உமிழும் சொல்லுக்காகத் தம்பியே அவனை அடிக்கிறான். நம் பரிவின் வரிசையில் அவனுக்குக் கடைசி இடமும் கிடைப்பது அரிது. எனினும் அவனையே முதலில் வைக்க வேண்டுமென்பது என் துணிபு.

ஜேமிக்கும் எட்மண்டுக்கும் இடையே யூஜின் என்றொரு குழந்தை பிறந்திருந்தது. கணவர் அழைத்தாரென்று குழந்தைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு மேரி அவருடன் பயணம் சென்றிருந்தாள். அப்போது ஏழு வயது ஜேமிக்குத் தட்டம்மை. குழந்தையின் அறைக்குள் போகலாகாது என்று சொல்லப்பட்டிருந்தும் அவன் போனான். குழந்தைக்குத் தொற்றியது, இறந்தது. ஆண்டுகள் பல கடந்த பின்னும் மேரி சொல்கிறாள்: அவன் வேண்டுமென்றே போனான், பொறாமையால் போனான் என்று. ஏழு வயதானாலும் அவனுக்கு விவரம் தெரியும் என்கிறாள். இறந்த குழந்தையை அமைதியாக உறங்கவிடக் கூடாதா என்று டைரோன் துயரத்துடன் கேட்கிறார். இறந்த மகனுக்காகப் பேசிய அவர், உயிரோடிருக்கும் மகனுக்காக ஒரு சொல்லும் பேசவில்லை!

ஏழு வயதில் புத்தி விவரம் வந்துவிடுகிறது என்று திருச்சபையின் மரபும் கொள்கிறது. முதல் பாவசங்கீர்த்தனத்திற்கு அதுவே பருவம். ஆனால் அந்தப் பருவத்தைக் குறித்தது பிள்ளையை மன்னிப்பின்பால் அழைத்துச் செல்லவே. மேரி அதே வயதைக் குற்றச்சாட்டுக்குச் சான்றாக்குகிறாள். தன்னையே தாங்க முடியாத தாய், தன் குற்ற உணர்வில் ஒரு பங்கைப் பிள்ளையின் தோளில் இறக்கி வைக்கிறாள். குழந்தையை விட்டுச் சென்றதற்காகத் தன்னையும் அவள் நொந்துகொள்கிறாள் என்பது உண்மை. ஆனால் அவளுக்கு மறந்திருக்க மார்ஃபின் இருந்தது. அந்தச் சிறுவனுக்கு?

இப்பழியை ஜேமி நேரில் கேட்கும் காட்சி நாடகத்தில் இல்லை. கேட்டிராவிட்டாலும், தாயின் பார்வையிலேயே அதைப் படித்து வளர்ந்திருப்பான் என்று கொள்வதில் பிழையில்லை. தாய் ஊசி போட்டுக்கொள்வதை எட்மண்ட் அறிவதற்குப் பல்லாண்டுகள் முன்பே கண்ணால் கண்டவன் அவன். இம்முறை அவள் மீண்டுவிட்டால் தானும் குடியிலிருந்து மீளலாம் என்று உள்ளூர நம்பத் தொடங்கியிருந்தவனும் அவனே.

நான்காம் அங்கத்தில், குடிபோதையில், அவன் தம்பியிடம் ஓர் உண்மையைச் சொல்கிறான். உன்னைக் கெடுத்தது நான்தான், நீ வெற்றி பெறுவதை என்னுள் ஒரு பகுதி பொறுக்காது, உன் பிறப்பால்தான் அம்மா இந்தப் போதையில் விழுந்தாள் என்று உன்னை வெறுத்தேன், அது உன் குற்றமன்று என்று தெரிந்தும் வெறுத்தேன், என்னிடம் எச்சரிக்கையாயிரு. மேரி ஜேமிக்குச் செய்ததை ஜேமி எட்மண்டுக்குச் செய்திருக்கிறான். ஒரு குழந்தையின் மீது, அது அறியாமல் நிகழ்ந்த ஒன்றுக்காகப் பழி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மேரி பழியை முதுகுக்குப் பின்னால் சொன்னாள். ஜேமி முகத்துக்கு நேரே சொல்லி, பழி பொய்யென்றும் ஒப்புக்கொண்டு, தன்னிடமிருந்து விலகிப் போகச் சொல்கிறான். அன்பைக் குறித்து யோவான் நற்செய்தியில் இயேசு கூறியதைத் திரித்து, தன் சகோதரனைத் தன்னிடமிருந்தே காப்பாற்றுவதைவிட மேலான அன்பு இல்லை என்கிறான். பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துவிடுகிறான். குருவும் இல்லை, பாவப்பொறுத்தலும் இல்லை. அந்த வீட்டில் அன்று எட்மண்டின் நலம் ஒன்றையே கருதித் தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்டவன் அந்தக் குடிகாரன்தான்.

இதனால் அவன் செய்த தீமை சிறியதாகிவிடாது. எட்மண்டின் சீரழிவில் அவனுக்குப் பங்கு உண்டு. அதை அவனே மறுக்கவில்லை. பரிவு என்பது விடுதலைத் தீர்ப்பு அன்று. அவனை விடுவிக்கும்படி யாரும் கேட்கவில்லை. மற்ற மூவருக்கும் ஒருவர் மாற்றி ஒருவர் வழங்கிக்கொள்ளும் அந்த இரக்கத்தில், அவனுக்கு வாசல் ஏன் திறக்கவில்லை என்பதே கேள்வி. ஊதாரி மைந்தன் உவமையில் மூத்தவன் வீட்டிலிருந்து உழைத்தான், இளையவன் வெளியே சென்று கெட்டான். இங்கே ஒருவனே மூத்தவனின் பொறாமையையும் இளையவனின் சீரழிவையும் சுமக்கிறான். அவனுக்காக ஓடிவரத் தந்தை இல்லை.

நாடகாசிரியர் செய்த ஒரு சிறு மாற்றத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஓநீல் குடும்பத்தில் 1885-இல் தட்டம்மையால் இறந்த குழந்தையின் உண்மைப் பெயர் எட்மண்ட். பிழைத்து வளர்ந்து நாடகம் எழுதியவரின் பெயர் யூஜின். நாடகத்தில் அவர் இவ்விரு பெயர்களையும் மாற்றி வைத்தார். ஆகவே மேடையில் மேரி, ஜேமி கொன்றுவிட்டதாகச் சொல்லும் குழந்தை நாடகாசிரியரின் பெயரையே தாங்கி நிற்கிறது. நால்வரையும் ஆழ்ந்த இரக்கத்தோடும் மன்னிப்போடும் எழுதியதாக அவர் தம் மனைவிக்கு எழுதிய காணிக்கை வரிகளில் கூறுகிறார். அந்த வரிகளில் அவர் இட்ட தேதி 1941 ஜூலை 22. குடியால் உடல் சிதைந்து அண்ணன் ஜேமி இறந்தது 1923-இல்.